அரிப்புக்குள்ளான கரையில் கொட்டிய மணல் காலப்போக்கில் மாறிவிடுவது ஏன்?

கடலரிப்பால் குறுகிப்போன கரையில் வேறிடத்து மணலைக் கொட்டி அகலப்படுத்துவதையே மணல் நிரப்பல் என்கிறோம். கொட்டிய புதிதில் வண்டல், நுண்மணல், பருமணல், சிப்பித் துண்டுகள் எல்லாம் கலந்தே கிடக்கும்; ஓரிரு பருவமழைக் காலங்கள் கழிந்தபின் பார்த்தால், மேற்பரப்பு பெரும்பாலும் பருமணலாகவும், சில இடங்களில் நிறம் மாறியும் இருக்கும்.

அலை மணலைத் தரம் பிரிப்பதே இதற்குக் காரணம். சுளவில் அரிசியைப் புடைக்கும்போது உமி பறந்து மணி தங்குவதுபோல, நுண்துகள்கள் நீரோடு கலங்கி ஆழப்பகுதிக்குப் போய்விட, பருத்தவையும் கனத்தவையும் கரையில் எஞ்சுகின்றன. பருமன் மட்டுமன்று, அடர்த்தியும் இதில் முக்கியம்: குவார்ட்ஸ் மணல் நீரைவிடச் சுமார் 2.65 மடங்கு அடர்த்தியானது. கருமணலில் உள்ள இல்மனைட் என்னும் கருநிறக் கனிமம் ஏறத்தாழ 4.7 மடங்கு. குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கரையில் கருமணல் பட்டை பட்டையாகத் தெரிவதும் இந்தத் தரம்பிரிப்பால்தான். அங்கே அதை யாரும் கொட்டி வைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அலையில் உருண்டு உருண்டு மணல் சில ஆண்டுகளிலேயே தேய்ந்துவிடுகிறது என்று பலர் கருதுகிறார்கள்; சிப்பித் துண்டுகள் விரைவில் நொறுங்குமே தவிர, குவார்ட்ஸ் மணி கண்ணுக்குத் தெரியும்படி மழுங்குவதற்கு ஒரு மனித ஆயுள் போதாது.