மருத்துவர் பதில்: மார்கழி வந்தால் படபடப்பு

தங்கச்சி, இருமலும் படபடப்பும் அன்று குடித்த கடல்நீரால் வந்ததோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்து மருதங்கேணியில் எட்டு வயதில் சுனாமி அலையில் அள்ளுண்டபோது நீங்கள் குடித்த கடல்நீர் இன்று நுரையீரலைப் பழுதாக்காது. பாதிப்பதென்றால் அந்தக் கிழமைகளிலேயே காய்ச்சலும் சளியுமாகக் காட்டியிருக்கும். ஈசிஜி, தைரொய்ட் இரண்டும் சரி. யூடியூப்பில் மாரடைப்பு அறிகுறி தேடுவதை இன்றோடு விடுங்கள். மார்கழி வந்தால் படபடப்பு, அலை இரைகிற கனவு, கரைப்பக்கம் போகப் பயம்: இதை மனவடு என்போம். விசர் பிடிக்கப்போகிறது என்று பயப்பட வேண்டாம். 20 வருசம் கழித்தும் இதைக் குணப்படுத்தலாம்.

என்னை உலுக்கியது உங்கள் கடைசி வரி. "தம்பியின் கையை விட்டது நான்தான், அவனோடு நானும் போயிருக்கலாம் என்று இப்போது அடிக்கடி தோன்றுகிறது" என்று எழுதிவிட்டு, அடுத்ததாக இருமலுக்கு மருந்து கேட்கிறீர்கள். இருமல் கிடக்கட்டும். சாவைப் பற்றிய எண்ணம் அடிக்கடி வருவதுதான் தள்ளிப்போடக் கூடாத அறிகுறி. அதற்கு மேல் மாமியின் டயசிபாம் குளிசை வேறு, ஒன்று இரண்டாகிவிட்டது. ஒருவருக்கு எழுதிக்கொடுத்த தூக்கக் குளிசையை இன்னொருவர் விழுங்குவதை எத்தனை தரம்தான் கண்டிப்பது? அது மனவடுவை ஆற்றாது, பழக்கமாகிவிடும், சோர்வைக் கூட்டும். ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், வலிப்பு வரலாம். மிச்சக் குளிசைகளை இன்றே கணவர் கையில் கொடுங்கள், வைத்தியரைக் காணும்வரை அவரே எடுத்துத் தரட்டும்.

நாளைக்கே அவரையும் கூட்டிக்கொண்டு மந்திகை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அந்த வரியை வைத்தியருக்கு அப்படியே வாசித்துக் காட்டுங்கள். இரவில் எண்ணம் வலுத்தால் விடியும்வரை பார்த்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற இலங்கை மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

தம்பியின் கை. 2004 டிசம்பர் 26 காலையில் இந்து சமுத்திரம் முழுவதற்கும் ஓர் எச்சரிக்கை ஏற்பாடு இருக்கவில்லை. கடலோடு பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கே என்ன வருகிறதென்று தெரியவில்லை. வேகமாக ஓடும் நீர் முழங்காலளவு வந்தாலே வளர்ந்த ஆளை விழுத்திவிடும். எட்டு வயதுப் பிள்ளையின் விரல்கள் என்ன செய்திருக்க முடியும்? நீங்கள் கையை விடவில்லை அம்மா, அலை பறித்தது. இதை நான் சொன்னவுடன் மனம் ஏற்காது. அதற்குத்தான் அந்த வைத்தியர். அவரோடு கதைக்கும்போது தம்பியின் பெயரைச் சொல்லிக் கதையுங்கள். இவ்வளவு நீளக் கடிதத்தில் ஓரிடத்திலும் நீங்கள் அதை எழுதவில்லை.