போனில் பார்த்தே தீக்காயத்தைச் சொல்லிவிட முடியுமா?

கேள்வி: நாங்கள் இருப்பது வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில். பத்து நாளுக்கு முன்பு என் மூன்று வயதுப் பையன் மேல் கொதிக்கக் கொதிக்க டீ கொட்டி, வலது கையும் நெஞ்சில் ஒரு பக்கமும் வெந்துவிட்டது. இங்கே உள்ள கிளினிக்கில் வெள்ளைக் களிம்பு போட்டார்கள், அங்கிருந்தே கோயம்புத்தூரில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனுக்கு வீடியோ காலில் காட்டினார்கள். அவர் "இப்போது கீழே இறங்க வேண்டாம், மூன்றாம் நாள் மறுபடி காட்டுங்கள்" என்றார். காட்டினோம். நெஞ்சு ஆறிவிட்டது. முழங்கை மடிப்பில் மட்டும் இரண்டு நாணயம் அகலத்துக்கு வெள்ளையாகவே நிற்கிறது. "போனில் பார்த்துத் தீக்காயத்துக்கு வைத்தியம் சொல்கிற டாக்டரை எங்கேயாவது கண்டதுண்டா" என்று அத்தை தினமும் கேட்கிறார். அதை நம்பலாமா? இனிமேலும் போனில் காட்டினால் போதுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போதாது. நாளைக்கே கிளம்ப முடிந்தால் கிளம்புங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் பத்து நாளாகியும் ஆறாத இடம், அதுவும் மூட்டு மடிப்பில், அதுவும் வெள்ளையாக என்றால் அதைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் முடிவு சொல்லக்கூடாது. மூன்று வாரத்தைத் தாண்டி ஆறுகிற காயம் தடித்த தழும்பாகிவிடும் வாய்ப்பு அதிகம், முழங்கையில் அப்படித் தழும்பு இழுத்துக்கொண்டால் கை முழுதாக நீளாது.

முதல் நாள் அந்த சர்ஜன் சொன்னது சரியா என்றால், சரிதான். அத்தைக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

தீக்காயத்தில் நாங்கள் முதலில் பார்ப்பது இரண்டு: எவ்வளவு பரப்பு, எவ்வளவு ஆழம். பரப்புக்கு எளிய கணக்கு உண்டு. விரல்களோடு சேர்த்து அந்தக் குழந்தையின் உள்ளங்கை, அதன் உடம்பில் ஏறத்தாழ 1 சதவீதம். நல்ல போட்டோ இருந்தால் இதை எங்கிருந்தும் கணக்குப் போட்டுவிடலாம். சொல்லப்போனால், போட்டோ இல்லாமல் வாய்வார்த்தையாகச் சொல்வதுதான் ஆபத்து, ஏனென்றால் வெறுமனே சிவந்திருக்கும் தோலையும் சேர்த்துக் கணக்குப் போட்டு பத்து சதவீதத்தை இருபது என்று சொல்வது எல்லா ஊரிலும் நடக்கிறது. அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் யூட்டா பல்கலைக்கழகத் தீக்காய மையத்துக்குப் பக்கத்து மாநிலங்களிலிருந்து நோயாளிகளை விமானத்தில் ஏற்றி அனுப்புவார்கள், வீடியோவில் முன்கூட்டியே பார்க்கத் தொடங்கிய பிறகு அதில் பலருக்கு அந்தப் பயணமே தேவைப்படவில்லை. நாற்பது கொண்டை ஊசி வளைவில், வெந்த உடம்போடு மூன்று வயதுக் குழந்தையை இறக்கிக் கொண்டுவருவதும் சாதாரண விஷயம் இல்லை.

ஆழம் வேறு கதை. முதல் நாளில் நேரில் பார்த்தால்கூட, அனுபவமுள்ள சர்ஜனே மூன்றில் இரண்டு, நான்கில் மூன்று என்ற அளவில்தான் சரியாகச் சொல்வார். வெந்த இடத்தைச் சுற்றி உயிருக்கு ஊசலாடுகிற திசு இருக்கும், அது பிழைக்குமா சாகுமா என்பது 48 முதல் 72 மணி நேரத்தில்தான் தெளியும். உங்களை மூன்றாம் நாள் மறுபடி காட்டச் சொன்னது அதனால்தான். ஒரே ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை, சரியாகிவிடும்" என்று முடித்துக்கொள்கிற டாக்டர் கிடைத்திருந்தால் நானும் அத்தை பக்கம்தான் நின்றிருப்பேன்.

இப்போது அந்த வெள்ளைக்கு வருவோம். நீங்கள் போட்ட களிம்பு அநேகமாக சில்வர் சல்ஃபாடயசின். அது காயத்தின் மேல் வெளிறிய ஒரு படலத்தை உண்டாக்கும், போனில் பார்த்தால் ஆழமான காயம் மாதிரியே இருக்கும். அந்த வெள்ளை மருந்தின் படலமா, உண்மையிலேயே ரத்த ஓட்டம் இல்லாத தோலா என்பது கழுவித் துடைத்து, விரலால் அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். அழுத்தி எடுத்ததும் சட்டென்று இளஞ்சிவப்பு திரும்பினால் நல்லது. திரும்பவே இல்லை, குழந்தையும் வலி என்று கையை இழுக்கவில்லை என்றால் ஆழம் அதிகம், தோல் ஒட்ட வேண்டி வரலாம்.

இனி வேறு யாருக்காவது அனுப்ப வேண்டி வந்தால் என்பதற்காகச் சொல்கிறேன், போட்டோ எடுப்பதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. கட்டைப் பிரிப்பதற்கு அரை மணி முன்பே டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் சிரப் கொடுத்துவிடுங்கள், அப்போதுதான் பிள்ளை கையைக் காட்டும். ஜன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம், ஈரமான காயத்தில் ஃபிளாஷ் பட்டால் அந்தப் பளபளப்பே வெள்ளைத் தழும்பு போலத் தெரியும். முழுக் கையும் தெரிகிற மாதிரி ஒன்று, கிட்டத்தில் ஒன்று, பக்கத்தில் ஒரு ஸ்கேல், காயத்தில் படாமல். நம் நிறத்துக்குச் சிவப்பு சிவப்பாகத் தெரியாது, கருத்தோ பழுப்பாகவோ தெரியும், அதனால் காயமில்லாத தோலும் படத்தில் இருக்கட்டும், ஒப்பிட்டுப் பார்க்கலாம். போனில் முகத்தை மெழுகிக் காட்டுகிற பியூட்டி வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாகுமென்டாக அனுப்பினால் படம் சுருங்காது. எல்லாவற்றுக்கும் மேல், காட்டும் முன் காயத்தில் எதையும் பூசாதீர்கள். பேனா மை, பல்பொடி, இட்லி மாவு எல்லாம் பூசி வந்த காயத்தை நேரில் கண்டுபிடிப்பதே பெரும் பாடு, போனில் கேட்கவே வேண்டாம். சுட்டவுடன் செய்ய வேண்டியது ஒன்றுதான், குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுவது. மூன்று மணி நேரத்துக்குள் செய்தால்கூடப் பலன் உண்டு. உங்கள் ஊர்க் குளிருக்கு, காயத்தை நனைக்கும்போது குழந்தையின் மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள். ஐஸ் கூடாது.

வீடியோ கால் போட்டு நேரத்தைக் கடத்தக்கூடாத காயங்களும் உண்டு. மூடிய அறைக்குள் தீப்பிடித்து முகம் வெந்து குரல் கரகரத்தால், கரண்ட் அடித்தால், ஆசிட் பட்டால், கையையோ விரலையோ வளையம் போலச் சுற்றி வெந்தால், குழந்தைக்கு அதன் உள்ளங்கையைப் போல் பத்து மடங்கு வெந்தால், நேரே 108. டாக்டரிடம் வண்டியில் போகும்போது பேசிக்கொள்ளலாம். 2020 மார்ச்சில் வந்த இந்திய டெலிமெடிசின் வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: பதிவு பெற்ற மருத்துவர் வீடியோவில் வைத்தியம் பார்க்கலாம், அவசரம் என்றால் முதலுதவி சொல்லி நேரில் அனுப்பிவிட வேண்டும். இன்னொன்று, சின்னக் காயமாக இருந்தாலும் முதல் சில நாட்களில் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, பேதி, சோர்ந்து கிடப்பது என்று வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடாதீர்கள். சிறு குழந்தைகளுக்குத் தீக்காயத்தில் அரிதாக வரும் நச்சுத் தொற்று அப்படித்தான் தொடங்கும்.

சரி, நாளைக்குப் போகும்போது முதல் நாளிலிருந்து எடுத்த படங்கள் எல்லாவற்றையும் தேதியோடு எடுத்துக்கொண்டு போங்கள், எதையும் அழித்துவிடாதீர்கள், சர்ஜனுக்கு அந்த வரிசைதான் முக்கியம். தடுப்பூசி அட்டையும் இருக்கட்டும். தோல் ஒட்ட வேண்டுமா, இரவில் கையை நீட்டி வைக்க ஸ்பிளின்ட் வேண்டுமா, பிசியோதெரபி எப்போது தொடங்குவது என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். அதுவரை பையன் முழங்கையை மடித்துக்கொண்டு தூங்கினால் மெதுவாக நீட்டிவிட்டு, கீழே ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். மடித்து வைத்தால்தான் அவனுக்குச் சுகமாக இருக்கும், நீட்டினால் அழுவான், இருந்தாலும் நீட்டியே வையுங்கள்.