சாவியை அணைத்த பிறகும் ஓடும் அம்பாசிடர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பா காலத்து 1972 அம்பாசிடர் மார்க் 2 வைத்திருக்கிறேன், டைனமோ வண்டி. டிராஃபிக்கில் கொதிக்கிறதே என்று ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு மாருதி 800 எலக்ட்ரிக் ஃபேனை மாட்டி, ஒயரைச் சாவி ஸ்விட்சிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டார். இப்போது சாவிப் பக்கம் சுடுகிறது, இரவில் ஹெட்லைட் மங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சாவியை அணைத்தாலும் இன்ஜின் ஓரிரு விநாடி ஓடிவிட்டுத்தான் நிற்கிறது. பேய் பிடித்துவிட்டதா சார்?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: பேயெல்லாம் இல்லை, உங்கள் ஃபேன்தான். மின்சாரம் கொடுத்தால் சுற்றுகிற மோட்டாரைச் சும்மா சுற்றவிட்டால் அதுவே மின்சாரம் தரும். நீங்கள் சாவியை அணைக்கும்போது ஃபேன் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதன் ஒயரும் பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயிலின் ஒயரும் சாவியில் ஒரே முனையில் சேர்ந்திருக்கின்றன, அதனால் ஃபேன் ஓய்கிற வரைக்கும் காயிலுக்குக் கரண்ட் போகிறது, பிளக்கில் பொறி வருகிறது, வண்டி ஓடுகிறது. சந்தேகமாக இருந்தால் ஃபேன் ஒயரைப் பிடுங்கிவிட்டு சாவியை அணைத்துப் பாருங்கள். உடனே நின்றால் விஷயம் முடிந்தது. அப்போதும் குலுங்கிக் குலுங்கி ஓடினால் அது வேறு வியாதி, சிலிண்டருக்குள் கரி படிந்து கனன்றுகொண்டிருக்கும்.

சாவி சுடுவதற்கும் காரணம் இதே ஒயர்தான். 80 வாட் ஃபேன் என்றால் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 7 ஆம்பியர், கிளம்புகிற நொடியில் அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். ஐம்பது வருஷம் தேய்ந்த அந்தப் பித்தளைத் தகட்டின் வழியாக இவ்வளவையும் விட்டால் சுடாமல் என்ன செய்யும்? சாவி ஆர்டர் மட்டும் போடட்டும், சுமை தூக்குகிற வேலையை ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்) பார்க்கட்டும்.

பேட்டரி மைனஸ் பாடிக்குப் போகிற வண்டி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு 20 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்கு. ஃபியூஸைத் தள்ளி வைத்தால் நடுவில் ஒயர் எங்காவது தகட்டில் உரசும்போது காப்பாற்ற ஆளிருக்காது. 87 என்ற முனையிலிருந்து ஃபேனுக்கு. 86-க்குச் சாவியிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் போதும், ரிலே காயில் கால் ஆம்பியர்கூடக் கேட்காது. 85-ஐ ரேடியேட்டரில் உள்ள வெப்ப ஸ்விட்சுக்குக் கொண்டுபோய் அதன் வழியாக எர்த் (பாடியோடு இணைப்பு) கொடுங்கள்.

நிறையப் பேர் கோட்டை விடுவது அந்த எர்த்தில்தான். ஒற்றை முனை ஸ்விட்ச் தன் உடம்பு வழியாகவே எர்த் தேடும். பழைய ரேடியேட்டர் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும், ரெண்டு பக்கமும் ரப்பர் ஹோஸ், போதாக்குறைக்கு மரையில் டெஃப்லான் டேப் வேறு சுற்றி வைப்பார்கள், அப்புறம் எர்த் எங்கிருந்து வரும்? இரட்டை முனை ஸ்விட்ச் வாங்கி ஒரு முனையை நேராக இன்ஜினுக்கு இழுத்துவிடுங்கள். ஃபேனின் மைனஸையும் பெயின்ட் அடித்த தகட்டில் திருகாமல் அங்கேயே சேருங்கள்.

உங்கள் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) 82 டிகிரியில் திறப்பது என்றால், மேல் டாங்கில் மாட்டுகிற ஸ்விட்ச் 92-ல் போட்டு 87-ல் அணைப்பதாக இருக்கட்டும். 82-க்குக் கீழே அணைகிற ஸ்விட்சை அங்கே மாட்டினால் ஃபேனுக்கு ஓய்வே கிடைக்காது. கீழ் டாங்க் என்றால் தண்ணீர் ஆறிய பிறகு வருகிற இடம், அங்கே இன்னும் குறைந்த டிகிரி ஸ்விட்ச்தான் வேண்டும்.

இனி ஹெட்லைட். ரிலே போட்டாலும் இது முழுசாகத் தீராது. இன்ஜினால் சுற்றி மின்சாரம் தரும் அந்தக் காலத்து லூகாஸ் டைனமோ முழு வேகத்தில் சுமார் 20 ஆம்பியர் தரும். 60 வாட் பல்பு இரண்டு எரிந்தாலே 10 போய்விடும், அதோடு இக்னிஷன், பின் விளக்கு, ஃபேன். வேடிக்கை என்னவென்றால், ஐட்லிங்கில் டைனமோ கிட்டத்தட்டத் தூங்குகிறது (சிவப்பு விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள்), ஃபேன் தேவைப்படுவதும் சரியாக அப்போதுதான். பேட்டரி எத்தனை சிக்னல் தாங்கும்? ஐட்லிங்கிலும் கரண்ட் தருகிற ஆல்டர்னேட்டருக்கு மாறுங்கள், மனசில்லை என்றால் இன்ஜினே சுற்றுகிற பழைய ஃபேனையே திரும்ப மாட்டுங்கள்.

உண்மையில் நான் முதலில் பார்த்திருக்கக்கூடியது ரேடியேட்டரைத்தான். வண்டி சூடாக இருக்கும்போது இன்ஜினை அணைத்துவிட்டு, ரேடியேட்டர் முகத்தில் ஒட்டாமல் உள்ளங்கையை அருகில் வைத்து நகர்த்திப் பாருங்கள். நடுவில் ஜில்லென்று ஒரு திட்டு இருந்தால் அங்கே குழாய்கள் அடைத்துக் கிடக்கின்றன. எந்த ஃபேனும் அதைச் சரி செய்யாது, ரேடியேட்டர் கடையில் டாங்கைப் பிரித்துக் கம்பி விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: என் மாரிஸ் மைனரில் எலக்ட்ரிக் ஃபேன் போட்டேன். சுற்றுகிறது, ஆனால் வண்டி முன்பைவிடச் சூடாகிறது. ரிலே மாட்டியதும் ஃபியூஸ் வேறு போய்விட்டது.
– கோவை வாசகர்

பதில்: அந்த வண்டியில் பேட்டரியின் பிளஸ்தான் பாடிக்குப் போகும். எலக்ட்ரீஷியன் வழக்கம்போல ஃபேனின் கறுப்பு ஒயரை எர்த்தில் கொடுத்திருப்பார், அதனால் ஃபேன் தலைகீழாகச் சுற்றிக் காற்றை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது, வண்டி ஓடும்போது முன்னாலிருந்து வருகிற காற்றோடு மல்லுக்கட்டுகிறது. இரண்டு ஒயரையும் மாற்றிப் போடுங்கள். ரேடியேட்டர் முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்தால் உள்ளே இழுக்க வேண்டும். ஃபியூஸ் போனதற்கு ரிலேக்குள் இருக்கும் டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுவது) காரணமாக இருக்கலாம். டயோடு இல்லாத ரிலே என்றால் 85, 86 எப்படிக் கொடுத்தாலும் ஒன்றுதான். டயோடு உள்ளது என்றால் 86-தான் பிளஸ், உங்கள் வண்டியில் அது எர்த் பக்கம் போக வேண்டும்.

கேள்வி: ஃபேனை ரேடியேட்டர் ஓட்டை வழியாகப் பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டலாமா?
– மதுரை வாசகர்

பதில்: வேண்டாம். ஃபேன் அதிர அதிர அந்த டை குழாயை அறுத்துவிடும். இரும்புப் பட்டையில் பிராக்கெட் அடித்து ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் போல்ட் போடுங்கள்.