அடுத்த விண்மீனுக்கு மனிதர் போக முடியுமா?

கேள்வி: பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகள், வேறு விண்மீன்களுக்கு மனிதரை அனுப்பும் ஆராய்ச்சியில்தான் சேருவேன் என்கிறாள். அது நடக்கக்கூடிய காரியமா? அவளை என்ன படிக்க வைப்பது?

பதில்: அது நடக்கவே நடக்காது என்று எந்த இயற்பியல் விதியும் சொல்லவில்லை. ஆனால், உங்கள் மகளின் வாழ்நாளில் மனிதர் இன்னொரு விண்மீனை அடைவார்கள் என்று நான் நம்பவில்லை. இரண்டையும் மகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகில் உள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு, அதாவது ஏறத்தாழ 40 லட்சம் கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 1977இல் கிளம்பி, 2012இல் சூரியக் காற்றின் (சூரியன் வெளியே வீசும் துகள்களின்) எல்லையைக் கடந்த வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் பிராக்சிமாவுக்குச் செல்ல சுமார் 75,000 ஆண்டுகள் ஆகும்.

ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கை எட்டினால் பயணம் 42 ஆண்டுகளாகச் சுருங்கும். ஆனால் ஒரே ஒரு கிலோவை அந்த வேகத்துக்குக் கொண்டுவரத் தேவையான ஆற்றல், வீணாவதைக் கணக்கில் சேர்க்காமலே, 12.5 கோடி யூனிட் மின்சாரத்துக்குச் சமம். மாதம் 200 யூனிட் செலவிடும் ஒரு வீட்டுக்கு அது 52,000 ஆண்டுகளுக்கு வரும். போய்ச் சேர்ந்ததும் நிற்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காற்றில்லாத வெளியில் வேகத்தைக் குறைக்கவும் ராக்கெட்டுக்கு எரிபொருள்தான் வேண்டும். அந்த எரிபொருளையும் சேர்த்தே முதலில் வேகப்படுத்த வேண்டியிருப்பதால், ஒரு டன் கலத்தை வேகப்படுத்த மட்டும் தொடக்கத்தில் மொத்தம் 10 டன் போதுமென்றால், நிறுத்துவதற்கும் சேர்த்து அது 20 டன் ஆகாது, 100 டன் ஆகிவிடும்.

ஆகவே முதலில் போகக்கூடியவை சிறு கருவிகளே. 2016இல் அறிவிக்கப்பட்ட பிரேக்த்ரூ ஸ்டார்ஷாட் திட்டம், சில கிராம் எடையுள்ள கலத்தில் கப்பல் பாய்போல் விரிந்த மெல்லிய தகட்டின்மீது பூமியிலிருந்து லேசர் கற்றையைச் செலுத்தி, ஒளிவேகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குத் தள்ளலாம் என்றது. எரிபொருளைச் சுமக்காத அந்த வழியே எனக்கு மிக நேர்மையான விடையாகப் படுகிறது. ஆயினும் அக்கலம் இலக்கில் நிற்காது, கடந்து போய்விடும். ஒளி அத்தகைய பாயைத் தள்ளும் என்பதை ஜப்பானின் இகாரோஸ் விண்கலம் 2010இல் விண்வெளியிலேயே காட்டிவிட்டது.

படிப்பைப் பொறுத்தவரை, இப்போது கணிதத்திலும் இயற்பியலிலும் ஆழமாக இறங்கட்டும். பட்டப்படிப்புக்குத் திருவனந்தபுரத்தில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அதற்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வு எழுத வேண்டும். பிறகு ராக்கெட் வடிவமைப்பை மட்டும் குறிவைக்காமல், லேசர், அணுக்கரு இணைவு (லேசான அணுக்கருக்களை இணைத்துப் பெரும் ஆற்றல் பெறுவது) ஆகிய துறைகளையும் மகள் பரிசீலிக்கலாம். இணைவு ஆராய்ச்சி காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் இப்போதே நடக்கிறது.