ஒன்றரை டன்னா, இரண்டு டன்னா?

கேள்வி: திருச்சியில் மாடி வீடு கட்டி வருகிறோம். மேல்மாடியில் மேற்குச் சுவர் வெயில் படும் படுக்கையறை ஒன்று இருக்கிறது. பரப்பு 168 சதுர அடி. எங்கள் கட்டட வடிவமைப்பாளர் கட்டடத்துக்குள் வரும் வெப்பத்தைக் கணக்கிடும் எனர்ஜிபிளஸ் மென்பொருளில் சிமுலேஷன் செய்து அறிக்கை கொடுத்திருக்கிறார். அதில் இந்த அறைக்கு, “குளிரூட்டும் உச்சச் சுமை: கணக்கிட்டது 3.4 கிலோவாட், வடிவமைப்புக்கு 3.9 கிலோவாட், நேரம் மாலை 5 மணி. வெப்பமூட்டும் உச்சச் சுமை: 0.3 கிலோவாட்” என்று இருக்கிறது. 3.9 கிலோவாட் என்பது ஏறக்குறைய 1.1 டன்தான். ஏசி கடைக்காரரோ, “நூறு சதுர அடிக்கு ஒரு டன், மேல்மாடி வேறு, இரண்டு டன் வாங்குங்கள்” என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் உங்கள் அறிக்கையைச் சரியாகப் படித்தால் விடை அதிலேயே கிடைத்துவிடும்.

அறிக்கையில் இரண்டு எண்கள் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த மென்பொருள் தான் கணக்கிட்ட குளிரூட்டும் சுமையை, அதாவது அறையிலிருந்து வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் அளவை, யாரும் மாற்றாதவரை, 1.15 ஆல் பெருக்கிக் காட்டும். அதாவது 15 சதவீதக் கூடுதல் 3.9 என்ற எண்ணிலேயே சேர்ந்திருக்கிறது. அதன் மேல் வடிவமைப்பாளர் கொஞ்சம், கடைக்காரர் கொஞ்சம் என்று ஆளுக்கொரு கை சேர்ப்பதால்தான் பல வீடுகளில் தேவைக்கு மீறிய ஏசி வந்து உட்கார்ந்துவிடுகிறது.

ஆயினும் 3.9 என்பதை 1.1 டன் என்று நீங்கள் மாற்றியதில் ஒரு பிழை இருக்கிறது. அறைவாரியான அட்டவணையில் வழக்கமாக வருவது வெப்பநிலையைக் குறைப்பதற்கான சுமை மட்டுமே. காற்றிலுள்ள ஈரத்தை நீராக வடித்து எடுப்பதற்கான சுமை அதில் சேராது. கடையில் விற்கும் ஏசியின் டன் கணக்கிலோ (ஒரு டன் என்பது 3.52 கிலோவாட்) இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. மொத்தத் திறனில் முக்கால் பங்கு வெப்பநிலையைக் குறைக்கப் போகிறது என்று வைத்துக்கொண்டால், 3.9 கிலோவாட் தேவைக்கு 5.2 கிலோவாட் ஏசி வேண்டும். அது ஒன்றரை டன்.

இரண்டு டன் வாங்கினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். தேவைக்குப் பெரிய ஏசி, அறையைச் சட்டென்று குளிரவைத்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை எடுக்கப் போதிய நேரம் ஓடாது. உடம்பு சில்லென்று இருந்தும் கசகசப்பு போகாத அறைகள் பெரும்பாலும் இப்படி உருவானவைதான். இன்வெர்ட்டர் ஏசி வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும் என்பதால் இந்தத் தொல்லை குறையும், ஆனால் அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு.

கடைக்காரர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஏசியின் திறன் வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி என்ற நிலையில் அளக்கப்படுகிறது. திருச்சியில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போது, உள்ளே 24 டிகிரியில் வைத்தால், அதே இயந்திரம் அந்த அளவைத் தராது. மென்பொருள் சேர்த்த 15 சதவீதம் இந்தக் குறைவை ஈடுகட்டவே பெரும்பாலும் செலவாகிவிடும். ஒன்றரை டன் என்ற பெயரில் விற்கும் மாடல்கள் எல்லாம் ஒரே திறன் கொண்டவை அல்ல என்பதால், பெயரைப் பார்க்காமல், நட்சத்திரச் சீட்டில் அச்சிட்டிருக்கும் முழுத்திறனைப் பாருங்கள். 5 கிலோவாட்டுக்குக் கீழே இருப்பது உங்கள் அறைக்கு வேண்டாம்.

இனி, வடிவமைப்பாளரிடம் கேட்க வேண்டியவை. முதலில், இந்த உச்சம் எந்த நாளுக்குக் கணக்கிடப்பட்டது? வடிவமைப்பு நாள் என்பது பொதுவாக, ஆண்டின் 8,760 மணி நேரத்தில் 0.4 சதவீதம், அதாவது சுமார் 35 மணி நேரம் மட்டுமே மீறப்படும் வெப்பநிலையை வைத்து அமைக்கப்படுகிறது. ஆண்டு முழுவதற்குமான வானிலைக் கோப்பிலிருந்து எடுத்திருந்தாலோ, அது வழக்கமான மாதங்களைத் தொகுத்தது என்பதால், அசல் கோடையின் கடும் நாட்கள் அதில் விடுபட்டிருக்கலாம்.

அடுத்தது இன்னும் முக்கியம்: ஏசி எத்தனை மணிக்கு ஓடுவதாக வைத்துக்கொண்டார்? மாலை 5 மணி உச்சம் என்பது, நாள் முழுதும் ஏசி ஓடும் அறைக்கு வருகிற விடை போலத் தெரிகிறது. நீங்கள் இரவு 10 மணிக்குத்தான் போடுவீர்கள் என்றால் கதை வேறு. பகலெல்லாம் வெயிலை உள்வாங்கிய கான்கிரீட் தளம் அந்த நேரத்தில் அறைக்குள் வெப்பத்தை இறக்கிக்கொண்டிருக்கும்; சிமுலேஷனிலும் ஏசி போட்ட முதல் ஒரு மணி நேரத்தில் சுமை எகிறிக் காட்டும். அந்த எகிறலுக்காகப் பெரிய இயந்திரம் வாங்கத் தேவையில்லை, அரை மணி நேரம் முன்னதாகப் போட்டால் போதும் என்பது என் கருத்து.

வெப்பமூட்டும் சுமையைப் பொருட்படுத்த வேண்டாம். வெயிலும் ஆட்களும் விளக்கும் எதுவுமில்லாத குளிர்கால இரவு ஒன்றை வைத்து மென்பொருள் தானாகப் போடும் கணக்கு அது. ஊட்டியில் வீடு என்றால் கவனிக்கலாம். திருச்சியில் ‘ஹாட் அண்ட் கோல்ட்’ ஏசிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

கடைசியாக, மொட்டை மாடியில் வெள்ளைக் குளிர் ஓடு பதித்து, மேற்கு ஜன்னலுக்கு வெளியே நிழல் தடுப்பு வைத்தால் உச்சச் சுமை எவ்வளவாகும் என்று அதே கோப்பில் மறுபடி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டின் கணினி மாதிரி ஏற்கெனவே தயாராக இருப்பதால் அவருக்கு அது பெரிய வேலையல்ல. அந்த எண் கைக்கு வரும்வரை ஏசிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.