பாலைவனத்தில் படம் எடுக்க என்ன தயாரிப்பு வேண்டும்?

கேள்வி: ஒரு வாரம் பாலைவனத்துக்குப் போகிறேன். கையில் ஒரு கேமரா, 24-70 மி.மீ. (அகலக் காட்சி முதல்), 100-400 மி.மீ. (தூரத்துக்கு) லென்ஸ்கள். மணல்மேடு, மனிதர்கள், விலங்குகள் எல்லாமே எடுக்க ஆசை. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: முதல் ஆபத்து லென்ஸ் மாற்றும்போதுதான். வண்டிக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி, ஏசி விசிறியையும் நிறுத்திவிட்டு, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்தபடி மாற்றுங்கள். இன்னொரு கேமரா பாடி இரவல் கிடைத்தால் கேமராவுக்கொரு லென்ஸ் மாட்டிவிடலாம், இந்தத் தொல்லையே இல்லை. லென்ஸில் மணல் ஒட்டினால் எடுத்த எடுப்பில் துணியால் துடைக்கவே கூடாது. மணலிலுள்ள குவார்ட்ஸ் மேற்பூச்சைக் கீறிவிடும். முதலில் ரப்பர் புளோயர், பிறகு மென்மையான பிரஷ், அதற்குப் பிறகுதான் துணி.

பளிச்சென்ற மணல் படத்தில் அழுக்குச் சாம்பலாக வரும். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்ப்பது கேமராவின் ஒளி அளக்கும் மீட்டரின் குணம். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +2/3 முதல் +1 1/3 வரை ஏற்றுங்கள். ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல் இருந்தால் சரி. மணல் வரிகள் தெரிய வெயில் பக்கவாட்டில் சாய்வாக விழ வேண்டும், அதாவது சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரம். அவசரப்பட்டு மேட்டின் மேல் ஏறினால் உங்கள் காலடித் தடமே படத்தில் இருக்கும். பின்பக்கமாகச் சுற்றிப் போங்கள். 24-இல் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைத்து வானத்தைக் கறுப்பாக்கும் ஃபில்டர்) போட்டால் வானம் ஒரு பக்கம் மட்டும் கறுத்துத் திட்டாகும்.

400-இல் எடுத்த விலங்கு மங்கலாக வந்தால் ஃபோகஸைத் திட்டாதீர்கள், அது பெரும்பாலும் கானலின் வேலை. சூடான தரையிலிருந்து எழும் காற்று ஒளியை வளைத்து நடுங்க வைக்கிறது. ஷட்டர் வேகத்தை 1/2000 விநாடிக்கு ஏற்றினாலும், ட்ரைபாட் வைத்தாலும் இது போகாது. தூரத்தைக் குறைப்பது அல்லது விடியலில் எடுப்பது, இரண்டே வழி. இன்ஜின் பானெட்டுக்கு மேலாகவோ, ஏசி ஓடும் வண்டியின் திறந்த ஜன்னல் வழியாகவோ எடுத்தால் லென்ஸ் முன்னாலேயே கானல் உண்டாகும். நல்ல இடம் நீர்நிலை ஓரம்தான். விலங்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் மட்டும் நிற்காதீர்கள். வண்டியில் துரத்துவது பெருந்தவறு, அந்த வெயிலில் ஓட்டமே அதற்கு உயிராபத்து.

மனிதர்களை அனுமதி கேட்டே எடுங்கள். உச்சி வெயிலிலும் கூடார வாசல் நிழல் அருமையான இடம்: வெளியே இருக்கும் மணலே ரிஃப்ளெக்டராகி முகத்துக்கு வெளிச்சம் தரும். பின்னணியில் மணல் இருந்தால் ஸ்பாட் மீட்டரை (சிறு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் முறை) முகத்தில் வையுங்கள். படம் அனுப்புகிறேன் என்று வாய்வார்த்தைக்குச் சொல்லிவிட்டு வராதீர்கள்.

ட்ரைபாடின் கடைசிக் கால்துண்டைச் சற்று நீட்டியே வையுங்கள். அதன் பூட்டு மணலில் புதைந்தால் பிறகு திருகவே வராது.