எக்கோ நம்மளோடது

அன்புள்ள சார்,

ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதும் வேலை எனக்கு. இரவு ஷிஃப்ட் முடிந்து தூக்கம் வராமல் யூடியூபைத் துழாவிக்கொண்டிருந்தபோது லே ராலிஸ் தெனுதே என்ற ஜப்பானிய ராக் இசைக்குழு வந்து மாட்டியது. ‘ஹெவியர் தேன் எ டெத் இன் த ஃபேமிலி’ என்ற ஆல்பம். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அன்றிலிருந்து வேறெதுவும் கேட்கப் பிடிக்கவில்லை. பேஸ் கிதார் வாசித்தவர் விமானத்தைக் கடத்திக்கொண்டு வட கொரியாவுக்குப் போனவராமே! தலைவர் மிசுதானியின் முகத்தைக்கூட யாரும் சரியாகப் பார்த்ததில்லையாம்.

ஒரு ஜப்பானியச் சொல்கூடத் தெரியாமல் இப்படிக் கிறங்கிப்போய்க் கேட்பது உண்மையான ரசனைதானா சார்? அறை நண்பர்கள் சிரிக்கிறார்கள். இன்னொரு வருத்தமும் உண்டு. 2022இல் இவர்களுடைய பதிவுகளைச் சுத்தம் செய்து முறைப்படி வெளியிட்டிருக்கிறார்கள். கேட்டேன். மர்மமே போய்விட்டது. கிடைக்காமல் இருந்தபோதே நன்றாக இருந்தது. இதே போல வேறு குழுக்கள் இருந்தால் சொல்லுங்கள். என்னிடம் திருட்டுப் பதிவுகள் நிறைய இருக்கின்றன, லிங்க் அனுப்பட்டுமா?

எஸ்., ஷார்ஜா

---

அன்புள்ள எஸ்,

லிங்க் வேண்டாம். மற்றபடி கடிதம் கண்டு சந்தோஷம். கொஞ்ச நாளாக நானும் மிசுதானியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது இதைப் பற்றிச் சண்டை போட வேண்டும் என்று இருந்தேன், நீங்கள் வந்து சிக்கினீர்கள்.

மொழி தெரியாதது ஒரு குறையே இல்லை. மிசுதானியின் குரல் எதிரொலிக்குள் அமுங்கிக் கிடக்கும். ஜப்பானியர்களே காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும். நண்பர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் காலையில் வேலை இருக்கும் இல்லையா?

விமானக் கடத்தல் கதையை விட்டுத்தள்ளுங்கள். 1970 மார்ச் 31 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தைக் கடத்திய செம்படைப் பிரிவு என்ற ஜப்பானியத் தீவிர இடதுசாரி அமைப்பினர் ஒன்பது பேரில் மொரியாகி வகாபயாஷி ஒருவர். குழு தொடங்கிய காலத்தில் பேஸ் வாசித்தவர். அதெல்லாம் சரி. நீங்கள் கிறங்கிக் கிடக்கும் பாடல்களில் பெரும்பாலானவை 1977இல் பதிவானவை. வகாபயாஷி அப்போது வட கொரியாவில் இருந்தார். உங்கள் காதில் விழும் பேஸ் வேறொருவர் வாசித்தது. கடத்தல்காரரை நினைத்துப் புல்லரித்துக்கொண்டே, மேடையில் நின்று விரல் நோக வாசித்தவரின் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டீர்கள். முகமும் அப்படித்தான். மிசுதானிக்கு எத்தனையோ புகைப்படங்கள் இருக்கின்றன. நீண்ட முடி, கறுப்புக் கண்ணாடி, கறுப்புச் சட்டை. பார்க்க நன்றாகவே இருப்பார்.

1967இல் கியோட்டோவில் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பையன்கள் தொடங்கிய குழு இது. மாணவர் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். 1969இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தடுப்பரண்களுக்கு நடுவே நடந்த நிகழ்ச்சியிலும் வாசித்திருக்கிறார்கள். அவர்களுடைய முறை ரொம்ப எளிமையானது. பேஸும் டிரம்ஸும் ஒரு சின்ன மெட்டைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம், இருபது நிமிடம் விடாமல் சுற்றும். அதன் மேல் மிசுதானியின் கிதார் ஊளையிடும். ‘இரவு, கொலையாளிகளின் இரவு’ என்ற பாட்டின் பேஸை மட்டும் தனியாகப் பிடித்துக் கேளுங்கள். 1963இல் அமெரிக்காவில் லிட்டில் பெக்கி மார்ச் என்ற சின்னப் பெண் பாடிப் பெரிய வெற்றி பெற்ற காதல் பாட்டின் மெட்டு அதற்குள் நடந்து போகும். அத்தனை கூச்சலுக்கும் அடியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் பாட்டு! இந்தக் குறும்பு பிடிபட்டால் மிசுதானி என்ற மனிதர் கொஞ்சம் தெரிய ஆரம்பிப்பார்.

இனி திட்டப்போகிறேன், கோபிக்கக் கூடாது.

நீங்கள் சொன்ன ஆல்பத்தை மிசுதானி வெளியிடவில்லை. 1977 மார்ச் 12 அன்று தோக்கியோவை ஒட்டிய தச்சிகாவாவில் நடந்த கச்சேரியை 1991இல் அவரே இரட்டை சிடியாகக் கொண்டுவந்தார். அந்தக் கச்சேரிப் பாடல்களை யாரோ எடுத்து, வரிசையைக் கலைத்து, வேறொரு பதிவையும் சேர்த்து, ஒரு திகில் படத்துக்குரிய தலைப்பை ஒட்டி விற்றார்கள். உங்களுக்கு அவ்வளவு பிடித்த அந்தத் தலைப்பு கடைக்காரர் வைத்தது.

எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கேசட் கடை இருந்தது. நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, வெற்றுக் கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால் மறுநாள் மாலை பதிந்து வைத்திருப்பார். கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவே அறுந்துவிடும், அது வழக்கம். அவரிடம் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதில் இரண்டு குமிழ்களைத் திருப்பி எல்லாப் பாட்டிலும் எக்கோ ஏற்றிவிடுவார். சோகப் பாட்டென்றால் கொஞ்சம் கூடுதலாக. அந்த எக்கோவுக்காகவே பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிறகு ஒருமுறை மதுரையிலிருந்து யாரோ கம்பெனி கேசட்டையே வாங்கி வந்து டீக்கடையில் போட்டபோது, பெஞ்சில் இருந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். பாட்டு சப்பென்று இருக்கிறதாம், பாடினவருக்கு எக்கோ போடத் தெரியவில்லையாம். கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். ஹெட்ஃபோனைக் கழற்றாமலே, “தம்பி, பாட்டு அவங்களோடது, எக்கோ நம்மளோடது” என்றார். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் கடை இல்லாவிட்டால் என் காது இன்றைக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். ஆனாலும் அந்த வாக்கியத்தில் பணம் எந்தப் பக்கம் போனது என்பதும் இருக்கிறது, பாருங்கள்.

மிசுதானி 1991இல் மொத்தம் மூன்று சிடிக்கள் வெளியிட்டார், குறைந்த பிரதிகள்தான். அதற்குப் பிறகு கடல் கடந்த ரசிகர்களுக்காகத் திருட்டுப் பதிவுகள் பெட்டி பெட்டியாக வந்தன. நகலின் நகல், அதன் நகல். ஒவ்வொரு கை மாறும்போதும் இரைச்சல் ஏறும், ஒலி மங்கும். அந்த மங்கலையே அவருடைய கலை என்று நாம் எழுதினோம், பேசினோம். அவர் வேண்டுமென்றே உண்டாக்கிய இரைச்சல் ஒன்று உண்டு. நாடா தேய்ந்ததால் வந்த இரைச்சல் இன்னொன்று. இரண்டையும் பிரித்துக் கேட்கக்கூட நமக்குப் பொறுமை இல்லை. ஏனென்றால் நமக்கு மிசுதானி வேண்டியிருக்கவில்லை, ஒரு பேய் வேண்டியிருந்தது. மர்மமான ஜப்பானியன், முகமில்லாதவன், பேட்டி தராதவன். தூர தேசத்தில் இருந்துகொண்டு இப்படி ஒருவரைக் கற்பனை செய்வது சுகம்தான். அவரோ அந்த வருடங்களெல்லாம் சோறு தின்று, வாடகை கொடுத்து, உயிரோடுதான் இருந்தார். அவருடைய பதிவுகள் நல்ல விலைக்குக் கை மாறிக்கொண்டிருந்தன, அவருக்கு ஒரு யென் போகாமல். “கிடைக்காமல் இருந்தபோதே நன்றாக இருந்தது” என்கிறீர்களே எஸ், யாருக்கு?

மிசுதானி 2019இல் இறந்தார். உலகத்துக்குச் செய்தி தெரிந்தது 2021இல்தான். கடைசிக் காலத்தில் அவரோடு பேசிக்கொண்டிருந்தவர் மகோதோ குபோடா, 70களின் தொடக்கத்தில் அதே குழுவில் வாசித்தவர். பதிவுகள் ஒழுங்காக வெளிவர வேண்டும் என்ற எண்ணம் மிசுதானிக்கு இருந்தது என்று அவர்தான் சொல்கிறார். அந்த குபோடாதான் மூல நாடாக்களைத் தேடி எடுத்து ஒலியைச் சீர்செய்தார். லாஸ் ஏஞ்சலஸின் டெம்போரல் டிரிஃப்ட் என்ற இசை நிறுவனம் வெளியிட்டது. நீங்கள் “சுத்தம் செய்துவிட்டார்கள்” என்று வருத்தப்படுவது இதைத்தான். சக வாத்தியக்காரர், மேடையில் அதே சத்தத்துக்குள் நின்றவர். அது எப்படி ஒலித்தது என்று அவருக்குத் தெரியாதா, நமக்குத் தெரியுமா? கிதார் இப்போதும் காதைக் கிழிக்கிறது. கூடவே டிரம்ஸ் வாசிப்பவர் எங்கே நிதானிக்கிறார், குரல் எந்த இடத்தில் நடுங்குகிறது என்பதும் கேட்கிறது. இதனால் மர்மம் போய்விட்டது என்றால், போனது டீக்கடை பெஞ்சுக்காரர்களின் எக்கோதான்.

வேறு குழுக்கள் கேட்டிருந்தீர்கள். பட்டியல் போட எனக்கு அலுப்பு. ஃப்ளவர் டிராவலிங் பேண்டின் 1971 ஆல்பம் ‘சதோரி’யைக் கேளுங்கள். தோக்கியோவில் மாடர்ன் மியூசிக் என்று ஒரு கடை இருந்தது. அதை நடத்திய ஹிதேயோ இகேசுமி 1984இல் பிஎஸ்எஃப் என்று ஒரு இசை வெளியீட்டு நிறுவனமும் தொடங்கினார். கெய்ஜி ஹைனோவின் ஃபுஷிட்சுஷா, ஹை ரைஸ் போன்ற குழுக்களெல்லாம் வெளிநாட்டுக் காதுகளுக்குப் போய்ச் சேர்ந்தது அந்த வழியாகத்தான். சாதுவாக ஏதாவது வேண்டுமென்றால் கிககாகு மோயோ என்ற குழு. அதில் சிதார் வாசித்த ரியு குரோசாவா இந்தியாவுக்கு வந்து கற்றுக்கொண்டவர். 2022இல் குழுவை நல்லபடியாக முடித்துக்கொண்டார்கள்.

ஆனால் முதலில் அந்த 77 கச்சேரியைக் காசு கொடுத்து வாங்குங்கள். அவசரமில்லை, சம்பளம் வந்த பிறகு வாங்கினால் போதும்.